இயேசுவைத் தூக்கிக்கொண்டு ஓடிய படைவீரர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை விடத்தல்தீவு இறங்குதுறையில் நண்டு நிறுத்துக்கொண்டிருந்தேன். மனைவி தொலைபேசியில் அழைத்தாள். "இஞ்சாருங்கோ, தாஸ் அண்ணை போயிட்டாராம். விடிய எழுப்பப் போனால் எழும்பேல்லையாம்." தராசில் கிடந்த நண்டுகளை அப்படியே விட்டுவிட்டு நடந்தேன். அவரை நினைத்தாலே எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். அன்றும் சிரிப்புத்தான் முந்திக்கொண்டது. அழுகை கோயிலடி தாண்டிய பிறகே வந்தது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மரியதாஸ் அண்ணை எங்கள் ஊரில் பிறந்து, இருபது வயதில் கனடாவுக்குப் போய், அந்த நாட்டுக் காலாட்படையில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானில் போர் செய்துவிட்டு வந்தவர். ஊரார் அவரைக் 'கப்டன்' என்று அழைத்தார்கள். "நான் வெறும் கோப்ரல். கப்டன் எண்டு சொன்னால் அங்க என்னைப் பிடிச்சு உள்ளுக்க போடுவாங்கள்" என்று கையெடுத்துக் கும்பிடுவார். கனடாவில் சாப்பாட்டுக்கடை ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் ஏன் படைக்குப் போனார் என்று கேட்டால், "குளிர், தம்பி. அவங்கள் நல்ல சப்பாத்துக் குடுப்பாங்கள் எண்டு கேள்விப்பட்டனான்" என்பார். அதற்கு மேல் அவரிடம் காரணம் வாங்க முடியாது.

போரைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். காலில் காயப்பட்ட தோழன் ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு கொடிமுந்திரிகைத் தோட்டம் ஒன்றுக்குள்ளால் ஓடினாராம். "அவனைக் கெட்ட வார்த்தை பேசச் சொன்னனான். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தவன். பேச்சு நிண்டால்தான் பயம், தம்பி." அந்தத் தோழன் உயிர் பிழைத்தான். பிள்ளைக்கு இவர் பெயரையும் வைத்தானாம்.

இத்தனைக்கும் அவருடைய படைச்சீருடைப் படம் வீட்டில் அலுமாரிக்குள்தான் கிடந்தது. அவருடைய தாயார் ஞானம்மா மாமியின் தம்பியை ஒருநாள் படை உடுப்புப் போட்ட ஆட்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. எந்தப் படையின் உடுப்பு என்று மாமி சொன்னதேயில்லை. அவவுக்கு எல்லா உடுப்பும் ஒன்றுதான். "பிள்ளை வரட்டும். உடுப்பு வாசலுக்கு வெளியால நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டா. ஓய்வு பெற்று வந்த தாஸ் அண்ணையும் எதிர்த்துப் பேசவில்லை. "அம்மா அந்தப் படத்தை ஒருக்காப் பாத்தால் போதும்" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

பெரிய வெள்ளிக்கு எங்கள் ஊரில் திருப்பாடுகளை நடித்துக்காட்டுவது வழக்கம். இயேசுவாக நடிக்க ஆட்கள் முண்டியடிப்பார்கள். அவரை அடிக்கிற உரோமைச் சேவகனாக நிற்க ஒருவரும் வரமாட்டார்கள். அண்ணை ஊருக்குத் திரும்பி வந்த வருடம் பங்குத்தந்தை அவரைப் பிடித்தார். கோயில் அலுவல் என்றபடியால் மாமியும் மறுக்கவில்லை. அண்ணை கடற்றொழிலாளர் எட்டுப் பேரைச் சேர்த்து, பிஸ்கட் தகரத்தில் தொப்பி வெட்டி, கடற்கரையில் லெஃப்ட் ரைட் பழக்கினார். "நான் எங்க போனாலும் பின்னால வாங்கோ. ஏனெண்டு கேக்கக்கூடாது" என்பது அவருடைய கட்டளை. உரோமாபுரியிலும் அப்படி ஒரு படை நடந்திராது.

இயேசு நான்தான். பச்சைத்தண்ணீரும் வாயில் வைக்காமல் ஒருசந்தி இருந்தேன். "கொஞ்சம் தண்ணி குடி, தம்பி" என்று அண்ணை கெஞ்சினார். இயேசு குடித்தவரா என்று நான் வீரம் பேசினேன். சிலுவையைச் சுமந்துகொண்டு போகையில், இயேசு மூன்றாம் முறை விழ வேண்டிய இடத்தில் நிஜமாகவே விழுந்துவிட்டேன். என்ன நடிப்பு என்று சனம் விம்மி அழுதது. தாஸ் அண்ணைக்கு மட்டும் விளங்கிவிட்டது. சவுக்கை எறிந்துவிட்டு, என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் நிழலுக்கு ஓடினார். எட்டுச் சேவகர்களும் ஏனென்று கேட்காமல் லெஃப்ட் ரைட் போட்டுப் பின்னால் ஓடினார்கள். சிலுவை தனியே தெருவில் கிடந்தது. ஒலிபெருக்கியில் பங்குத்தந்தை, "எல்லாரும்... கொஞ்சம் இருங்கோ" என்றார்.

"பேசு, தம்பி! கெட்ட வார்த்தையெண்டாலும் பேசு!" என்று அண்ணை கத்தினார். நான் பேசினேன். முள்முடியோடு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பிறகு பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னபோது பங்குத்தந்தையே சிரித்துவிட்டார்.

மாமிதான் செம்பில் தண்ணீரோடு முதலில் ஓடிவந்தா. எனக்குப் பருக்கிவிட்டு, தகரத்தொப்பியோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மகனை நிமிர்ந்து பார்த்தா.

"அங்கயும் இப்பிடித்தான் தூக்கினியோ?"

"ஓம், அம்மா."

"சுடுறதுதான் வேலையெண்டெல்லோ நினைச்சன்."

"அதுவும் செய்தனான், அம்மா. இதுவும் செய்தனான்."

மாமி சேலைத் தலைப்பால் அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டா. அன்று பின்னேரமே அலுமாரியைத் திறந்து படத்தை வெளியில் எடுத்து, "ஆணி இருக்கோ?" என்று கேட்டா. தாஸ் அண்ணை அன்று சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது.

அடக்கத்துக்குத் தாஸ் அண்ணையின் மகள் கனடாவிலிருந்து அவருடைய சீருடையைக் கொண்டுவந்திருந்தா. எல்லோரும் மாமியைப் பார்த்தோம். "போட்டுவிடுங்கோ" என்றா மாமி. தொப்பியைச் சரித்து வைப்பதுதான் முறை என்று பேத்தி சொல்லியும் கேட்காமல், தன் கையாலேயே நேராக்கிவிட்டா.

பேழையின் முன்பக்கத்தில் தோள் கொடுக்க எனக்குத்தான் உரிமை என்று சண்டை பிடித்து வாங்கினேன். கோயில் மணி அடித்தது. நான் நடக்கத் தொடங்கியதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பழைய எட்டுச் சேவகர்களும், ஒருவரும் சொல்லாமலே, லெஃப்ட் ரைட் போட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

இண்டைக்கு நான் தூக்கிறன், அண்ணை. நீங்கள் பேசிக்கொண்டு வாங்கோ.