கண்ணுக்குக் கீழே வந்த பல்வலி

நாயின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவேன். எறையூர் சுற்றுவட்டாரத்தில் என்னைக் கேட்காமல் யாரும் நாயை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில்லை. இதெல்லாம் பொய். ஒரே ஒரு நாய்க்குத்தான் நோவு பார்த்தேன். அதையும் தப்பாகப் பார்த்தேன்.

அந்தச் செவலை நாய் என் மனைவியுடையது. எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், ஜெயங்கொண்டத்திலிருந்து குட்டியாகக் கூடையில் வைத்துத் துணி மூடி பஸ்ஸில் கொண்டுவந்தாள். எனக்கு வெல்லக் கொட்டகையில் வேலை. கரும்புச் சக்கையை அடுப்பில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். படிப்பு தேவைப்படாததால் அதில் நான் கெட்டிக்காரன். கரும்புப்பால் கொதிக்கும் வாசம் சட்டையை விட்டுப் போகவே போகாது. அந்த வாசத்தை இப்போது எங்கே போய் மோந்து பார்ப்பது?

நாய் அவள் பின்னாலேயே சுற்றியது. நான் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்பதுபோலப் படுத்திருக்கும். அதனால் லஞ்சம் கொடுக்க ஆரம்பித்தேன். கொப்பரை ஓரத்தில் ஒட்டிய வெல்லத்தைச் சுரண்டி, மடியில் கட்டிவந்து, அவளுக்குத் தெரியாமல் தினமும் கொடுப்பேன். இரண்டு வருஷத்தில் நாய் எனக்கும் வாலாட்டியது. வாயும் நாறியது. நாய் வாய் பின்னே மல்லிகைப்பூவாகவா மணக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு தை மாதம் அதன் வலது கண்ணுக்குக் கீழே வீங்கியது. கொட்டகையில் வெல்லத்துக்குக் குளவி மொய்க்கும்.

"குளவி கொட்டியிருக்கு. சுண்ணாம்பு தடவுனா போயிடும்," என்றேன்.

மூன்று நாள் தடவினேன். சோற்றை வாயில் எடுக்கும், கீழே போட்டுவிட்டு விலகிப் போகும். பிறகு எடுப்பதும் நின்றது. மனைவியும் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"குளவி கொட்டுனா மூணு நாளாவா வீங்கிக் கெடக்கும்? எங்கூட்லேருந்து எங்கூட வந்த ஒரே உசுருங்க அது."

மாட்டாஸ்பத்திரிக்குப் பெரம்பலூர்தான் போக வேண்டும். பஸ்ஸில் நாயை ஏற்றவில்லை.

"அதுக்கும் டிக்கெட் எடுத்துடுறேங்க," என்றேன்.

"ஒன்ன ஏத்தவே ரெண்டு தடவ யோசிக்கிறேன்," என்றார் கண்டக்டர்.

சைக்கிள் கேரியரில் சாக்கு விரித்துக் கிடத்தினோம். அவள் பிடித்துக்கொண்டு நடக்க, நான் தள்ளிக்கொண்டே போனேன். போய்ச் சேர மதியமாகிவிட்டது. டாக்டர் கண்ணைப் பார்க்கவேயில்லை. மேலுதட்டைத் தூக்கினார்.

"கண்ணுல ஒண்ணுமில்லம்மா. கடவாப்பல்லு சொத்த. வேர்ல சீழ் கோத்து இங்க வந்து நிக்குது. பல்ல எடுத்தா பொழச்சுக்கும். இனிப்பு ஏதும் குடுக்குறீங்களா?"

"எங்க வூட்ல மனுசருக்கே வருசத்துக்கு ஒரு நாளுதாங்க சார்."

"யாரோ குடுக்குறாங்க. நிறுத்தலன்னா மத்த பல்லும் போயிடும். அப்புறம் பட்டினிதான்."

பக்கத்தில் கட்டியிருந்த எருமையை நான் மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். எருமையும் என்னைப் பார்த்தது. அதற்குத் தெரிந்துவிட்டது.

"நான்தாங்க சார். தெனம் கொஞ்சம் வெல்லம்."

ஊசி போட்டு, பல்லைப் பிடுங்கி, அதை டாக்டர் காட்டியபோதுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"இவரு பல்லுலயும் ஒண்ணு புடுங்கி வுடுங்க சார். சொன்னா ஒறைக்காது."

புண் ஆறியதும் தினமும் விரலில் ஈரத்துணி சுற்றி, பல்லையும் ஈறோரத்தையும் மெதுவாகத் தேய்க்கச் சொன்னார் டாக்டர். நம் பல்பொடி கூடாதாம். நாய்க்குத் துப்பத் தெரியாது. அந்த வேலையை அவள் என் தலையில் கட்டிவிட்டாள்.

இரண்டு நாள் கஞ்சி. மூன்றாம் நாள் குழைந்த சோற்றில் கருவாட்டுச் சாறு ஊற்றிவைத்தாள். இடது பக்கமாகவே மென்று, தட்டை நக்கி முடித்தது. அதற்கப்புறம்தான் அவள் தனக்குப் போட்டுக்கொண்டாள். எனக்கு அதற்கும் அப்புறம்.

முதல் தடவை துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார்.

"என்ன மச்சான், பல்லு வெளக்கிட்டு அடுத்து சவரமா?"

"வரிசையில நில்லு. ஒனக்கும் பண்ணி வுடுறேன்."

விரலை உள்ளே விட்டேன். நாய் வாயை மூடிக்கொண்டது. பற்கள் விரல்மேல் பட்டுக்கொண்டிருந்தன, அழுத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தது. அப்புறம் மடியைப் பார்த்தது. ரெண்டு வருஷப் பழக்கம். நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன், விரல் உள்ளேதான் இருக்கிறது, அப்போது அது மெதுவாக—

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொல்லையிலிருந்து மனைவி கூப்பிடுகிறாள்.

"ஏங்க, டேங்கு வழியுது. மோட்டார நிறுத்தச் சொல்லி எத்தன தடவ கூப்புடுறது?"