நேர்கோடு திருத்திய படகு என்ஜின்

என் அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி இப்போது வங்கியில் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். மற்றபடி ஒர்க்‌ஷாப் தெரு முழுக்க அவன் 'நேர்கோடு'. அந்தப் பெயரைச் சூட்டியவர் பக்கத்துக் கடை வெல்டர். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கிற அந்தப் பழைய கார் என்ஜினைத் தவிர அண்ணன் வேறு எதிலும் கை வைக்க மாட்டான், அது முதல் காரணம். எங்கே எது கோணலாக இருந்தாலும் அதை நேராக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது என்பது அடுத்தது. என் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும் நேரத்தில் ஆளைக் காணோம் என்று தேடினால், மண்டபத்துச் சமையலறையில் ஆடிக்கொண்டிருந்த மேஜையைத் தலைகீழாகப் போட்டுக் காலைச் சீவிக்கொண்டிருந்தான். குடும்பப் போட்டோவில் இன்றுவரை அவன் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

முன்பக்கம் உதிரிபாகக் கடை, நான் உட்கார்ந்திருப்பேன். பின்பக்கம் ஒர்க்‌ஷாப், அவன் படுத்திருப்பான், ஏதாவது ஒரு காருக்கு அடியில். வாடிக்கையாளர் யாராவது வாயைத் திறந்து அந்த என்ஜினைப் பற்றிக் கேட்டுவிட்டால் தொலைந்தார். சொந்தக் குடும்பக் கதையைப் போல ஆரம்பித்துவிடுவான். முதலில் பிறந்தவர் பெரியப்பா. பெட்ரோலையும் காற்றையும் கலக்க ஒற்றைக் கார்பரேட்டர், உள்ளே சுற்றுகிற கிராங்க்‌ஷாஃப்டைத் தாங்க நாலே பேரிங். நல்ல மனுஷன், ஆனால் வேகமாக ஓட்டினால் உடம்பெல்லாம் நடுங்கும். அடுத்து வந்த அப்பாவுக்கு ஏழு பேரிங் வைத்தார்கள், நடுக்கம் போனது. அதற்கடுத்த சித்தப்பாவுக்குப் புதுச் சிலிண்டர் ஹெட், இரண்டு கார்பரேட்டர். பறப்பார், பெட்ரோலையும் தண்ணீராய்க் குடிப்பார், வீட்டுக்கு ஒரு ஊதாரி வேண்டாமா என்பான் அண்ணன். நடுவில் வேனுக்கென்று ஒன்று செய்தார்கள். மட்டமான பெட்ரோலைப் போட்டாலும் முணுமுணுக்காமல் மூட்டை சுமக்கும், அது தாய்மாமன். கடைசிப் பிள்ளைக்குக் கார்பரேட்டரே கிடையாது, பெட்ரோலை ஊசிபோலப் பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன். செல்லம் கொடுத்து வளர்த்தது, தொட்டதற்கெல்லாம் சிணுங்கும். அதோடு தொழிற்சாலைக்காரர்கள் அந்த வம்சத்தை நிறுத்திவிட்டார்கள்.

குணம் எத்தனை மாறினாலும் எல்லாவற்றுக்கும் சிலிண்டர்களில் பொறி விழுகிற வரிசை ஒன்றுதான்: ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு. குளிக்கும்போதும் அதைத்தான் முணுமுணுப்பான். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அதைச் சொல்லியே தூங்க வைத்தான். விளைவு, பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் ஒன்றுக்கு அடுத்து ஐந்து என்று ஆசிரியையிடம் அடம்பிடித்தாள். வேலை முடித்த எந்த என்ஜினையும் அப்படியே அனுப்ப மாட்டான். ஓடவிட்டு, மேல்மூடியில் தளும்பத் தளும்ப டீ கிளாஸை வைப்பான். ஒரு சொட்டுக் கீழே சிந்தினால் மறுபடியும் பிரிப்பான்.

இந்த மனிதனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? நானும் அலைந்தேன். ஒரு வீட்டில் எல்லாம் கூடி வருகிற நேரம், அவர்கள் வீட்டு மின்விசிறி 'டக் டக்' என்றது. நான் அவன் காலை மிதித்தேன், கண்ணைக் காட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. பெண் காபியோடு வந்தபோது மாப்பிள்ளை ஸ்டூல்மேல் நின்று விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவனுக்கு நாற்பத்தாறு வயதானது.

அப்போதுதான் படகுக்காரி வந்தாள். ஆற்றுத் துறையில் அக்கரைக்கும் இக்கரைக்கும் படகு விடுகிறவள், அம்மாவிடமிருந்து வந்த படகு, ஆள் ஒண்டிக்கட்டை. அவளுடைய என்ஜினில் ஆயிலோடு தண்ணீர் கலந்து, படகு கரையேறிக் கிடந்தது. மாத முடிவுக்குள் அதை ஓட்டிக் காட்டிப் பரிசோதகரிடம் தகுதிச் சான்று வாங்காவிட்டால், துறையையே ஒரு கம்பெனிப் படகுக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள். கம்பெனிக்காரர்கள் புதுப் படகைக் கொண்டுவந்து பக்கத்திலேயே கட்டியும் வைத்துவிட்டார்களாம். இதையெல்லாம் அவள் அழுது சொல்லவில்லை. வண்டியிலிருந்து என்ஜினை இறக்கிக்கொண்டே, யாரையோ திட்டுகிற குரலில் சொன்னாள். எனக்கு அந்தக் குரல் உடனே பிடித்துப்போனது.

தார்ப்பாயை விலக்கியதும் அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். அதே வம்சம்! குடும்பத்தில் ஒருவன் சின்ன வயதிலேயே தண்ணீர்ப் பக்கம் ஓடிப்போய்விட்டான், படகுக்கென்று ஒரு வகை செய்தார்கள் என்று அண்ணன் கேள்விப்பட்டிருக்கிறான், கண்ணால் பார்த்ததில்லை. சுற்றிச் சுற்றி வந்தான், தடவிப் பார்த்தான். போகும்போது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எதையும் மாத்திடாதீங்க மெக்கானிக். எப்படி ஓடிட்டு இருந்துச்சோ, அப்படியே ஓடினா போதும்."

இவன் காதில் அது எங்கே ஏறியது? பிரித்த முதல் நாளே புலம்ப ஆரம்பித்தான். வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்‌ஷாஃப்ட் அவனுக்குத் தெரிந்த எந்த வகையோடும் ஒத்துப்போகவில்லை. எவனோ ஒரு அரைகுறை தப்பாகக் கடைந்து போட்டிருக்கிறான் என்றான். ஸ்டார்ட்டர் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது. அதுவும் அரைகுறையின் கைவரிசை. தண்ணீர்ப் பம்பின் குழாய்கள் இடம் மாறியிருந்தன. "மூணு தப்பு. இத்தனை தப்போட இது இத்தனை வருஷம் ஓடியிருக்குன்னா, அதுதான் நம்ம என்ஜின்" என்று அவனுக்குப் பெருமை வேறு. எதற்கும் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு என்றேன். கேட்க என்ன இருக்கிறது, தப்பு தப்புதானே என்றான். தன்னிடம் இருந்த நல்ல கேம்‌ஷாஃப்டைப் போட்டான், நல்ல ஸ்டார்ட்டரைப் போட்டான், குழாய்களை மாற்றினான், பொறியின் வரிசையையும் தன் பாட்டுக்கு ஏற்றபடி அமைத்தான்.

அந்த நாட்களில் அவள் அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போனாள். வந்தால் சும்மா உட்கார மாட்டாள். போல்ட்களை மண்ணெண்ணெயில் கழுவுவாள், கழுவிக்கொண்டே பயணிகளைப் போல நடித்துக் காட்டுவாள். அண்ணன் காருக்கடியிலிருந்து சிரிக்கிற சத்தம் கேட்கும். அவன் சிரித்து நான் கேட்டதே இல்லை. ஒருநாள் சட்டைக் காலரை நேராக்கிக்கொண்டு நின்றான். நான் பார்க்காதவள் போலக் கணக்கு நோட்டைப் புரட்டினேன். வாயைத் திறந்தால் கெட்டுவிடும் என்று பயம்.

ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்த்தபோது டீ கிளாஸில் ஓர் அலைகூட எழவில்லை. அவள் அந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டு, ஆறிப்போச்சு என்றாள். என்ஜினைப் படகில் பூட்டியபோது பரிசோதகர் வருகிற நேரம் ஆகிவிட்டது, கயிற்றை அவிழ்த்து ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

துறையில் எங்கள் தெருவே கூடியிருந்தது, வெல்டர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பரிசோதகர் குடையும் கோப்பும் கையுமாகப் படகின் பின்பக்கம் நின்றார். நானும் அண்ணனும் என்ஜின் பக்கத்தில். என்ஜின் கிளம்பியது, தேன் போல ஓடியது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு கர்வம். படகுக்காரி கியர்க் கைப்பிடியை முன்னால் தள்ளினாள்.

படகு பின்னால் போனது.

மெல்லவும் போகவில்லை. ஜம்மென்று பின்னால் போய், கம்பெனியின் புதுப் படகு கட்டியிருந்த இடத்தைத் தாண்டி, நாணல் புதருக்குள் பரிசோதகரோடும் குடையோடும் புகுந்தது. கரையில் சிரிப்பு வெடித்தது. வெல்டர் தரையில் உட்கார்ந்தே சிரித்தார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. குடையில் நாணல் ஒட்டியிருக்க, இது படகா இல்லை விளையாட்டா என்று பரிசோதகர் கேட்டார்.

அவள் பதறவில்லை. கைப்பிடியை ஒரு கணம் பார்த்தாள், அதைப் பின்னால் இழுத்தாள். படகு முன்னால் வந்தது. அப்படியே அக்கரைக்கு ஓட்டினாள், திரும்பவும் வந்தாள், வழியெல்லாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆனால் பரிசோதகர் சிரிக்கவில்லை. அவசரத்தில் யாராவது கைப்பிடியை முன்னால் தள்ளினால் ஜனம் என்ன ஆவது என்றார். நியாயம்தானே. மாதக் கடைசி நாள் மறுபடி வருகிறேன், அன்றும் இப்படி இருந்தால் துறை கம்பெனிக்குத்தான் என்று சொல்லிவிட்டு இறங்கினார். கடைசி நாளுக்கு இன்னும் மூன்றே நாள்.

அண்ணன் படகிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெரிய படகுகளுக்கு இந்த என்ஜினை ஜோடியாகப் பூட்டுவார்கள். ஒன்று வலப்பக்கம் சுற்றும், ஒன்று இடப்பக்கம். இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் படகு கோணிக்கொண்டு போகும். ஜோடி பிரிந்து, இடப்பக்கம் சுற்றுகிற ஒற்றை என்ஜின் எப்படியோ இவள் அம்மாவின் கைக்கு வந்திருக்கிறது. கேம்‌ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், குழாய் என்று மூன்று இடத்தில் அது தன் பிறப்பைச் சொன்னது. மூன்று இடத்திலும் இவன் அதன் வாயை அடைத்து, வலப்பக்கம் சுற்ற வைத்திருக்கிறான், படகின் சுழல்விசிறியும் எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டது. அந்த அரைகுறை யாரென்று இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவனே அவளைப் பார்த்துச் சொன்னான்.

"அதுல ஒரு தப்பும் இல்லீங்க. அது அப்படியே பிறந்தது. நான்தான் கேக்காம திருத்திட்டேன்."

சிரிப்பு அப்போதுதான் அவள் முகத்திலிருந்து இறங்கியது. தினமும் காலையில் தன் படகுக்காக நிற்கிற வேலைக்காரப் பெண்களை, சைக்கிளோடு வருகிற பிள்ளைகளை நினைத்திருப்பாளோ என்னவோ, கரையைப் பார்த்தாள். பழைய சாமான்களைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டாள்.

தூக்கிப் போடுவதா? இவனா? உடைந்த ஸ்குருவுக்குக்கூட டப்பா வைத்திருக்கிறவன். துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தான்.

"அப்போ எந்திரிங்க. உக்காந்தா ஆச்சா?" என்றாள் அவள்.

மூன்று நாளும் கடையை என் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு நானும் படகிலேயே கிடந்தேன். இடுப்பு ஒடிந்தது. ஆனால் அந்த மூன்று நாளும் நான் பார்த்ததை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். என் அண்ணன் கேள்வி கேட்டான். இந்தக் குழாய் முன்பு எந்தப் பக்கம் சூடாக இருக்கும், கிளம்பும்போது என்ன சத்தம் வரும், அம்மா எப்படிக் கிளப்புவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். பொறியின் வரிசையையும் அவன் திருப்பிப் போட்டான்: ஒன்று, நான்கு, இரண்டு, ஆறு, மூன்று, ஐந்து. ஆயுசுக்கும் பாடிய பாட்டை ஒருவன் பின்னாலிருந்து பாடிப் பழகுவது லேசில்லை. நாக்கு குழறியது. அவள் கூடச் சேர்ந்து சொல்லிக் கொடுத்தாள்.

மாதக் கடைசி நாள் பரிசோதகர் இந்த முறை படகில் ஏறவில்லை, கரையிலேயே நின்றார். குடையைக்கூட மடக்கி வைத்திருந்தார். அண்ணன் டீ கிளாஸை என்ஜின்மேல் வைத்தான். வைக்கும்போது அவன் கையில் கொஞ்சம் சிந்தியது, வைத்த பிறகு ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவள் கைப்பிடியை முன்னால் தள்ளினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கரையில் கைதட்டல் கேட்டுத்தான் திறந்தேன். படகு அக்கரையைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நடு ஆற்றில் அண்ணன் தொண்டையைச் செருமினான். இனிமேல் இந்த என்ஜினை வேறு யாரும் தொடக்கூடாது, தானே வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அவள் கைப்பிடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"என்ஜினை மட்டுமா?"

அவன் காதெல்லாம் சிவந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டான். அதுதான் சம்மதம். கரை சேர்வதற்குள் நான் கல்யாண நாளே குறித்துவிட்டேன். இந்த முறை போட்டோவுக்கு முன்னால் மண்டபத்து மேஜை ஒவ்வொன்றையும் நானே ஆட்டிப் பார்த்தேன். போட்டோவில் நடுவில் நிற்கிறான், காலரும் நேராக.

கல்யாணம் முடிந்து ஆற்றங்கரையில் அண்ணியின் வீட்டுக்குச் சாமான்களோடு போனோம். அண்ணன் கை கழுவச் சமையலறைக்குப் போனவன், அங்கேயே நின்றுவிட்டான். என்னவென்று எட்டிப் பார்த்தேன். குழாய் எல்லா வீட்டிலும் திறக்கிற பக்கம் திறக்கவில்லை, எதிர்ப்பக்கம் திருகினால்தான் தண்ணீர் வந்தது. அவன் கை தன்னாலே கருவிப்பெட்டிக்குப் போனது. பெட்டி திறந்தது, ஸ்பானர் வெளியே வந்தது. போச்சு, முதல் நாளே போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன்.

ஸ்பானரைக் கையில் பிடித்தபடியே நின்றான். பிறகு அண்ணியைப் பார்த்துக் கேட்டான்.

"இது இப்படித்தானா?"

"இப்படித்தான்" என்றாள் அண்ணி.

அவன் ஸ்பானரைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினான், குழாயை எதிர்ப்பக்கம் திருகிக் கை கழுவினான். ஒன்று, நான்கு, இரண்டு, ஆறு, மூன்று, ஐந்து என்று முணுமுணுத்துக்கொண்டே துண்டைத் தேடினான்.