அட்டைக்கு அடியில் போனவர்கள்

பழுப்பேறிய அந்தத் தாளை இரண்டு கையாலும் ஏந்தித்தான் வாங்கினேன். நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கப் பத்திரிகையின் ஒரு பக்கம். மரக்கட்டையில் கோடுகோடாகச் செதுக்கி, மை தடவி அச்சடித்த படம். ஒரு வைக்கோல் வண்டி, அதை இழுக்கும் இரண்டு குதிரைகள், ஓரமாக நீண்ட அரிவாளோடு நிற்கும் இரண்டு ஆட்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை.

பிள்ளைகளே, எண்பதுகளில் நான் மஸ்கட்டில், ரூவி என்ற பகுதியில், படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை பார்த்தேன். இப்படிப் பழைய படம் கொண்டுவரும் வெள்ளைக்காரர்கள், லேசாக வர்ணமும் பூசித் தரச் சொல்வார்கள். அது என் வேலை. சட்டம் அறுப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணை என்று கூப்பிடுவேன். இந்தத் தாளைக் கொடுத்தது ஓர் அமெரிக்க அம்மா.

வைக்கோலுக்கு மஞ்சள், குதிரைக்குச் செம்பழுப்பு. ஆட்களிடம் வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. கதிர் அறுக்கிறவர் வேறு என்ன நிறத்தில் இருப்பார்? என் அப்பாவின் நிறம்தான் தூரிகையில் வந்தது.

முதலாளி திருநெல்வேலிக்காரர். பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார். “வெள்ளக்காரனுக்குக் கரியப் பூசி வச்சிருக்கான் பாருங்க! ஏலே, அமெரிக்காவுல ஒங்கப்பனா கதிரு அறுத்தான்?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கூலிக்குக் கதிர் அறுப்பவர் என்று நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்துவிட்டது போலக் கூசிப்போனேன்.

“அந்தம்மா சத்தம் போட்டா ஒன்ன ஊருக்கு அனுப்பிருவேன். கலாஸ், அவ்வளவுதான்” என்றார் முதலாளி.

ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். நிறம் போகவில்லை, தாள்தான் நார் பிரிந்தது. அண்ணை என் கையைப் பிடித்தார். “விடும் தம்பி, கடுதாசி கிழிஞ்சுபோம். ஆக்கள் ஓரத்திலைதானே நிக்கினம்? மட்டையாலை மறைச்சுவிடுவம்.”

படத்தைச் சுற்றி வைக்கும் வெள்ளை அட்டையில் திறப்பைச் சிறியதாக வெட்டினார். வண்டியும் குதிரைகளும் உள்ளே நின்றன. ஆட்கள் அட்டைக்கு அடியில் போனார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த அம்மா வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். இங்கே இரண்டு பேர் இருந்தார்களே என்று கேட்டார். ஓரம் செல்லரித்திருந்தது என்றார் முதலாளி. பரவாயில்லை, எனக்குக் குதிரைகள்தான் பிடிக்கும் என்று சிரித்தபடி வாங்கிப் போனார்.

“தப்பியாச்சு, இனியாவது சிரியும்” என்றார் அண்ணை.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது, அப்பா அறுப்பு முடிந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். “அங்க என்னப்பா வேலை ஒனக்கு?” என்று கேட்டார். சட்டம் அடிக்கிறேன் என்றேன். வர்ணம் பூசுவதைச் சொல்லவில்லை. அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.