பலகையில் நிற்கப்போவது யார்?

இன்று பாலக்காட்டுக் கடையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், நாத்தனார் மல்லிகா, கடைக்காரர்.

எங்கள் தோட்டத்துக் குளத்துக்கு, நின்றுகொண்டே துடுப்புப் போடுகிற பலகை வாங்கப் போயிருந்தோம். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். நானும் மறுக்கவில்லை.

கடைக்காரர் ஒடுக்கமான பலகை ஒன்றைக் காட்டி, "நிக்கறவங்க எத்தன கிலோங்க? அத வெச்சுத்தான் அளவு பாக்கணும்" என்றார்.

"எழுபத்தெட்டு" என்றேன்.

வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏம்புள்ள, பாப்பா அம்பதுகூட இல்லியே?"

"பாப்பாவுக்கு இல்லீங்க. எனக்கு."

மல்லிகா, "ஏனுங் நங்கையா, சேலையோடயா நிப்பீங்க?" என்று அண்ணியான என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. அகலமானவை இரண்டைக் கொண்டுவந்தார். ஒன்று காற்றடிப்பது, பிறகு சுருட்டி வைத்துக்கொள்ளலாம். மற்றது கெட்டிப் பலகை. தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகுமாம், ஆனால் எங்கள் வீட்டில் வைக்க இடமில்லை.

முடிவு சொல்லாமலே வந்துவிட்டோம். "அம்மங்கிட்டக் கேட்டுட்டுச் சொல்லலாம்" என்றார் வீட்டுக்காரர். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அடுப்படிக்கும் குளத்துக்குமாக நடந்தேன். நீச்சல் தெரிந்தும் இத்தனை வருடம் அந்தக் கரையில் துணி துவைத்ததோடு சரி.

சாயங்காலம் கோயிலில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூ வைத்து அம்மனிடம் வாக்குக் கேட்டோம். வெள்ளை வந்தது, சம்மதம்.

"அப்பறமென்ன, வாங்கிக்க" என்றார் வீட்டுக்காரர்.

காற்றடிப்பதா, கெட்டியா என்றெல்லாம் அம்மனைத் தொந்தரவு செய்ய முடியாது. இப்படிப் பலகையில் ஏறி நின்று பழகியவர்கள் சொல்லுங்கள். சேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாளைக் காலை கடைக்குப் போகிறோம். அதற்குள் பதில் வேண்டும்.