இரண்டாவது கேஜ்

டெல்மர் கீனி வாய்ச்சொல்லை நம்பாத ஆள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். அவனைக் கேட்டால் கேஜ் என்னும் அளவுக்கட்டையைப் போட்டுப் பார்ப்பதே மெய் என்பான். நிலக்கரிச் சுரங்கத்தில் மெக்கானிக்காக உழைத்து நெஞ்சு பாழாகி, இப்போது வீட்டில் துணி துவைக்கும் அறையில் ஒரு பட்டறை வைத்திருந்தான். கைத்துப்பாக்கிக்குக் குழாய் மாற்ற அந்தப் பள்ளத்தாக்கே அங்குதான் வரும்.

தம்பி வெர்னனின் துப்பாக்கிக்கும் அவன்தான் மாற்றினான். அக்டோபரில் அது வெர்னன் கையிலேயே வெடித்தது. தோட்டா உறையின் பித்தளைத் துணுக்கு ஏறி வலது கண் போயிற்று. தோட்டா உட்காரும் அறையை டெல்மர் ஆழமாக விட்டுவிட்டான், அதனால் தோட்டா பின்னால் தாங்கலில்லாமல் கிழிந்தது என்று சர்ச் வாசலில் பேச்சு. அதிகம் பேசியவள் வெர்னனின் மனைவி ஓபல். காலித் தோட்டா உறைகளில் வெடிமருந்து நிரப்பி வீட்டுக்குத் தோட்டா செய்பவள் அவள்தான். அடுப்பில் பீன்ஸ் வேகும் நேரத்தில் ஒரு பெட்டி முடித்துவிடுவாள். அந்த வருடம் நவம்பர் நன்றித் திருநாள் வான்கோழி விருந்துக்கு டெல்மரைக் கூப்பிடவில்லை. அது அவனை உள்ளுக்குள் கொன்றது. வெர்னனை விட்டால் அவனுக்கு வேறு நாதியில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் ஓபல் அந்த வெடித்த துப்பாக்கியை ரொட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"என் முன்னாடியே பாரு. பார்த்துட்டு உன் வாயாலயே சொல்லு," என்றாள்.

அழுக்கு இருந்தால் அளவு பொய் சொல்லும் என்பதால் அவன் தோட்டா அறையை நன்றாகத் துடைத்தான். முதல் கேஜை வைத்தான். மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு சுகமாக மூடியது. மூட வேண்டியதுதான். அடுத்தது நூலளவு நீளமானது. அதற்கும் ஸ்லைடு மூடினால் அறை ஆழம்தான், குற்றம் அவனுடையது.

மூடவில்லை.

பாரம் இறங்கியது. அடுத்த மூச்சிலேயே வேறொன்று ஏறியது. குழாய் சரி என்றால் கோளாறு மருந்தில்தான். ஓபல் நிரப்பியபோது ஒரே உறையில் இரண்டு முறை விழுந்திருக்கிறது. ஓபல் கேஜைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைச் சுற்றிக் கருவளையம். ராத்திரிகளில் அவளும் இதையேதான் நினைத்துப் புரண்டிருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

"ஆழம்தான். என் தப்பு," என்றான்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள், வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான்.

"நான்தானோன்னு தினம் செத்துக்கிட்டிருந்தேன்," என்று மூக்கைத் துடைத்தாள். "அன்னைக்குப் போட்ட தோட்டாவுல அரைப் பெட்டி மிச்சம் இருக்கு. பயந்து ஒளிச்சு வச்சிருந்தேன். எம் பையன் கிளின்ட் கேட்டுக்கிட்டே இருக்கான், போற வழியில குடுத்துடறேன்."

அந்தப் பெட்டியிலும் இரட்டை மருந்து விழுந்த தோட்டா இருக்கலாம் என்று டெல்மருக்கு உறைத்தது. ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, இரண்டாவது கேஜை அப்படியே வைத்து, துப்பாக்கியை அவள் கையில் கொடுத்தான்.

"நீயே மூடிப் பாரு, ஓபல்."

அவளுக்கும் தெரிந்த வேலைதான். மெல்லத் தள்ளினாள். நின்றது. மறுபடி தள்ளினாள். பிறகு இரண்டு கையாலும் அழுத்தினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான்.

அவள் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கோட்டுப் பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"வெர்னன்கிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டாள்.

டெல்மர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினான்.