பதினான்கு கால்கள்

கண்ணாடிக் கடையில் முப்பத்தைந்து வருடம் ஊராருக்குப் பார்வை சரிபார்த்தவர் அவர். வேலையை விட்ட பிறகும் கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். ‘பூச்சிக் கண்ணாடிக்காரர்’ என்றால்தான் அக்கம்பக்கத்தில் தெரியும்.

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கணவனும் மனைவியுமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த மரங்களுக்குள் நடப்பார்கள். இந்தக் குளிரில் பூச்சி ஏது என்று கேட்பவர்களிடம் அவர் வாதாடுவதில்லை; விழுந்து கிடக்கும் பட்டையைத் தூக்கிக் காட்டுவார். அடியில் நத்தை, சிலந்தி, குட்டிப் பூரான் என்று பெரிய குடித்தனமே நடக்கும். அவர் பார்த்துச் சொல்ல, மனைவி நோட்டில் எழுதுவாள். எறும்பின் மீசை தெரிகிற மனுஷனுக்கு எதிரே வரும் என் அண்ணனை மட்டும் தெரிவதில்லை என்று நடுநடுவே காலை வாருவாள்.

இருபது வருடத்துக்கு முன், மட்கிய கட்டைக்குக் கீழே மிளகளவு உருண்டை ஒன்றை அவள்தான் முதலில் கண்டாள். தொட்டால் சுருண்டுகொள்ளும் அரிய மரவட்டை என்று இருவரும் முடிவு கட்டினார்கள். இயற்கைச் சங்கத்தின் கையேட்டில் ‘முதலில் கண்டவர்’ என்று அவள் பெயர் ஏறியது. அதன்பின் வீட்டுக்கு வந்தவர்களில் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் தப்பியவர் யாருமில்லை.

அவள் போனபின் வந்த இரண்டாவது குளிர்காலத்தில் மகளோடு அந்த மரங்களுக்குள் போனார். அதே மாதிரி ஓர் உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கைச்சூட்டில் அது மெல்ல விரிந்தது. எண்ணினார். ஏழு ஜோடி, மொத்தம் பதினான்கு கால்கள். மரவட்டை என்றால் முப்பதுக்குக் குறையாது. இது எந்தப் பூந்தொட்டியைத் தூக்கினாலும் ஓடுகிற சாதாரணப் பூச்சி. அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

சங்கம் அடுத்த மாதம் கையேட்டை மறுபடி அச்சடிக்கிறது, திருத்தம் கேட்டிருந்தது. எழுதினால் அவள் பெயர் போய்விடும். அச்சில் அவள் பெயர் வந்த ஒரே இடம் அதுதான்.

“யாருக்குப்பா தெரியப்போகுது? அம்மா பேரு இருந்துட்டுப் போகட்டும்” என்றாள் மகள்.

நான்கு நாள் கையேட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஐந்தாம் நாள் கடிதம் எழுதினார். கால்களை எண்ணாமல் விட்டது என் தவறு, என் மனைவியுடையது அல்ல என்று அதில் இருந்தது. படித்துப் பார்த்த மகளுக்கு ஒன்றுதான் புரியவில்லை. இருபது வருடத்தில் ஒரு தடவைகூடவா எண்ணவில்லை என்று கேட்டாள்.

“உங்கம்மா எங்க எண்ண விட்டா? குளிருக்குச் சுருண்டு தூங்குது, எழுப்பாதீங்கன்னு உடனே திரும்ப வைக்கச் சொல்லிடுவா” என்று உறையை ஒட்டினார். “நாம போன அன்னைக்கு எழுப்பிட்டேன். வேண்டாம்னு சொல்ல ஆள் இல்ல.”