டீவிக்குப் போகாத சத்தம்

தங்கச்சிக்குக் காவின் எழுதி நிக்காஹ் முடித்த நாளை நினைத்தால் எனக்கு மணப்பெண்ணின் முகம் ஞாபகத்துக்கு வருவதில்லை. கொம்பியூட்டர் திரையின் மூலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு பச்சைக் கோடுதான் வருகிறது.

வாப்பா பாரிசவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடந்த காலம் அது. இடப்பக்கம் அசையாது, காதும் மந்தமாகிவிட்டது. பெண்ணைக் கொடுக்கும் உரிமை தகப்பனுக்குத்தான். ஆனால் பள்ளிவாசல்வரை போக முடியாததால் அந்தப் பொறுப்பை என் தம்பியிடம் ஒப்படைத்திருந்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தம்பி கொடுப்பான், மாப்பிள்ளை ஏற்றுக்கொள்வார். அதில் வாப்பாவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது.

"மாப்புள்ளட வாயால அந்தச் சொல்ல நான் கேக்கணும் புள்ள. வேற ஒண்டும் வாணாம்."

போனைக் காதில் வைத்தால் அவருக்கு இரைச்சல்தான். டீவிச் சத்தம் மட்டும் விளங்கும், அதுவும் அடுத்த வீட்டுக்குக் கேட்கிற அளவில் எப்போதும் கூட்டியே வைத்திருப்போம். பழைய டீவி, போன் அழைப்பையெல்லாம் தானாக எடுக்காது. ஆகவே பள்ளியிலிருந்து என் கணவர் வீடியோவில் அழைப்பது, அதைக் கொம்பியூட்டரில் எடுத்து வாப்பாவின் கட்டிலுக்கு எதிரே உள்ள டீவியில் காட்டுவது என்று தீர்மானமாயிற்று. யார் செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. மூத்தவள் நான் இருக்கிறேனே.

கொம்பியூட்டர் தம்பியுடையது. கேம் விளையாடுவதற்கென்று பெரிய கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்றைப் போட்டு வைத்திருந்தான். அதிலிருந்து வயரை டீவிக்குக் கொடுத்தேன். படம் போனது. சத்தமோ மேசையில் கிடந்த சின்ன ஸ்பீக்கரிலேயே முனகிக்கொண்டிருந்தது. தையல்காரனிடம் நின்ற தம்பியைப் போனில் பிடித்தேன்.

"ராத்தா, படம் போற வயருக்குள்ளாலதான் சத்தமும் போகும். அந்தக் கார்டுக்குரிய சவுண்ட் டிரைவரப் போட்டுட்டு, டீவியச் செலக்ட் பண்ணுங்க. லேசு வேல."

சொல்பவனுக்கு எல்லாமே லேசுதான். ஒரு பக்கம் சோறு ஆக்குகிற இடத்திலிருந்து நெய் கேட்டு ஆள் வருகிறது, மறுபக்கம் வந்த சனத்துக்குப் பாய் போதவில்லை. நடுவில் நான் அந்த டிரைவர் இறங்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில் பட்டியலில் டீவியின் பெயர் வந்தது. அதைத் தெரிவுசெய்து ஒரு குர்ஆன் கிராஅத்தைப் போட்டேன். அறை அதிர்ந்தது. வாப்பா தலையைத் திருப்பிச் சிரித்தார். அப்பாடா என்று எழும்பினேன்.

அசர் தொழுகைக்கு ஒலிபெருக்கிகளில் வாங்கு சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளியில் முடிய மற்றப் பள்ளியில் தொடங்கும். வாங்கு கேட்டதும் வாப்பா வலக்கையால் ரிமோட்டை எடுத்து ஒரு பொத்தானால் டீவிச் சத்தத்தை அமர்த்துவார், கடைசிப் பள்ளியும் ஓய்ந்த பிறகு அதே பொத்தானால் திறப்பார். யாருடைய உதவியுமில்லாமல் அவர் செய்கிற வேலை அது ஒன்றுதான். அன்றைக்கு வாங்கு ஓயுமுன்பே நான் வாப்பாவுக்கு உடுத்தப் புதுச் சட்டையோடு போய்விட்டேன். அவர் கையை நுழைப்பதற்காக ரிமோட்டை வாங்கி யன்னலில் வைத்தேன்.

பதிவாளர் பிந்திவிட்டார். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நெருங்கும்போதுதான் அழைப்பு வந்தது. டீவியில் பள்ளி தெரிந்தது, தம்பி தெரிந்தான், மாப்பிள்ளையின் தொப்பி தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"சத்தம் வருகுதில்லயே புள்ள."

"இந்தா வரும் வாப்பா."

பச்சைக் கோடு ஏறி இறங்குகிறது. அப்படியென்றால் கொம்பியூட்டர் சத்தத்தை அனுப்புகிறது. வயரைக் கழற்றிக் கொழுவினேன். மீண்டும் தெரிவுசெய்தேன். பகல் வேலை செய்த கார்டுக்கு இப்போது என்ன வந்தது? திரையில் இரண்டு கைகள் கோத்துக்கொண்டன. மாப்பிள்ளையின் உதடுகள் அசைந்தன. வீட்டு முன்மண்டபத்தில் இருந்த பெண்களில் யாருக்கோ போன் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ், காவின் முடிஞ்சிது" என்று சத்தம் கேட்டது.

வாப்பா டீவியையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோக்காரர் ஒரு மாதத்தில் எல்லாம் தந்துவிடுவார் என்று பக்கத்தில் நின்ற எங்கள் சாச்சி ஆறுதல் சொன்னா. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழக்கூடத் தெம்பில்லை. தம்பி மேல், கணவர் மேல், அந்தக் கார்ட் மேல் கோபம் கோபமாக வந்தது.

கணவர் அழைப்பைத் துண்டிக்காமலே போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். திரை இருட்டாகக் கிடந்தது. வெளியே மஃரிப் வாங்கு தொடங்கியது. வாப்பா கையை நீட்டினார். ரிமோட்டைக் கொடுத்தேன். வழக்கம்போல அந்தப் பொத்தானை அழுத்தினார்.

டீவி வாய் திறந்தது. காவின் நடந்த அதே பள்ளியின் வாங்கு, கணவரின் சட்டைப் பைக்குள்ளிருந்து வந்து அறை முழுக்க ஓங்கியது.

வாப்பா அசையவில்லை. வாங்கை எப்படி அமர்த்துவது? அது முடியும்வரை கேட்டார். பிறகு கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார்.

"அசருக்கு நான்தான் அமத்தினனா புள்ள?"

"இல்ல வாப்பா. வயர்ல ஏதோ பிழை."

அவர் நம்பவில்லை.

எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தொழுகை முடிந்து ஊர்வலமாகக் கூட்டி வந்தார்கள். அவர் அறைக்குள் வந்து ஸலாம் சொல்லி வாப்பாவின் கையைப் பிடித்தார். வாப்பா அந்தக் கையை விடவில்லை. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கார்ட், வயர், ரிமோட் என்று விளக்க எனக்கு ஏலாது.

"பள்ளியில நீங்க சொன்ன சொல் வாப்பாக்குக் கேக்கயில்ல" என்றேன்.

அவர் புது உடுப்போடு நிலத்தில் முழங்காலிட்டு, வாப்பாவின் காதோடு வாயை வைத்து, மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

"உங்கட மகள நான் ஏற்றுக்கொண்டன் மாமா."

"ஓம் மனே," என்றார் வாப்பா. "இப்ப கேட்டிச்சு."

கையை விட்டார். அதே கையால் ரிமோட்டை எடுத்து டீவியை நிறுத்தினார்.